பங்குப் பத்திரம் இல்லாத பங்குதாரர்

2021ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை. கொல்கத்தாவின் தென்பகுதியில் நான் அப்போது பணியாற்றிய கிளையில் ஓய்வூதியர்களின் வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. ஆயுள் சான்று அளிக்க வேண்டிய மாதம் அது. முகக்கவசத்துக்கு மேல் கண்கள் மட்டுமே தெரிந்த ஒரு பெரியவர், சிவப்பும் பொன்மஞ்சளும் கலந்த கழுத்துத் துணியைச் சரிசெய்தவாறு என் எதிரில் அமர்ந்தார். படிவத்தை நீட்டி, உயிருடன் இருப்பதை உறுதிசெய்து கையொப்பமிடுமாறு கேட்டேன்.

"சனிக்கிழமை நடந்த ஆட்டத்தை முழுவதும் பார்த்துவிட்டு இன்று எழுந்து நடந்து வந்திருக்கிறேன். இதைவிடப் பெரிய சான்று வேறு வேண்டுமா?" என்றார்.

அருகிலிருந்த வங்காள ஊழியர்கள் சிரித்தார்கள். ஓரிருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். விளக்கம் பிற்பாடுதான் எனக்குக் கிடைத்தது. அந்தச் சனிக்கிழமை கோவாவில் நடந்த இந்தியன் சூப்பர் லீக் ஆட்டத்தில், மோகன் பகான் அணி முதல் 23 நிமிடங்களுக்குள் 3 கோல்களை அடித்து ஈஸ்ட் பெங்கால் அணியைத் தோற்கடித்திருந்தது. பெரியவர் ஈஸ்ட் பெங்கால் ரசிகர். சிரித்தவர்கள் அவர் கட்சி. முகத்தைத் திருப்பியவர்கள், புன்னகையை மறைத்துக்கொண்ட எதிர்க்கட்சி.

இரயில்வேயில் பணியாற்றி ஓய்வுபெற்றவர் அவர். கொல்கத்தா வழக்கப்படி அவரை 'மேஷோமஷாய்' என்று அழைக்கக் கற்றுக்கொண்டேன். நம் முறையில் சித்தப்பா என்று கொள்ளலாம். அடுத்த மூன்றாண்டுகள், மாதத்தின் முதல் வாரத்தில் கிளைக்கு வரும்போதெல்லாம், கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து அவர் என்னிடம் கால்பந்து பேசினார். வணிகவியல் படித்த எனக்கு அது விளையாட்டுப் பேச்சாகத் தோன்றியதைவிட, ஒரு நிறுவனத்தின் கணக்கைப் பற்றிய பேச்சாகவே தோன்றியது. அதைத்தான் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஒரு மனத்தாங்கலில் பிறந்த சங்கம்

1920 ஜூலை இறுதியில் மோகன் பகானுக்கு எதிரான ஓர் ஆட்டத்தில், ஜோராபகான் என்ற சங்கம் சைலேஷ் போஸ் என்னும் வீரரைக் களமிறக்காமல் விட்டது. அவர் கிழக்கு வங்காளத்தவர். அவரைச் சேர்க்குமாறு துணைத்தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி வலியுறுத்தியும் பயனில்லை. சௌத்ரி பதவி விலகி, நண்பர்களுடன் சேர்ந்து அவ்வாண்டு ஆகஸ்ட் 1ஆம் நாள் ஈஸ்ட் பெங்கால் சங்கத்தைத் தோற்றுவித்தார்.

நாட்டுப் பிரிவினைக்குப் பின் அந்தப் பெயருக்குப் புதிய பொருள் சேர்ந்தது. கிழக்கு வங்காளத்திலிருந்து வீடும் நிலமும் விட்டு வந்த இலட்சக்கணக்கானவர்களுக்கு, வரைபடத்தில் இழந்த ஊரின் பெயர் மைதானத்தில் மிஞ்சியிருந்தது. பெரியவரின் தந்தை 1948இல் பரிசாலிலிருந்து வந்தவர். "எங்களுக்கு முதலில் கிடைத்த முகவரி இந்தச் சங்கம்தான், வீட்டு முகவரி பிறகுதான் கிடைத்தது" என்பார் பெரியவர். ஈஸ்ட் பெங்கால் வென்றால் சந்தையில் இலிஷ் மீன் விலை ஏறும் என்றும், மோகன் பகான் வென்றால் இறால் விலை ஏறும் என்றும் கொல்கத்தாவில் சொல்வது வெறும் வேடிக்கையன்று. இரு கரைகளின் சமையலறைகளும் அந்தப் போட்டியில் பங்கேற்கின்றன.

நிர்வாகத்தின் மீது வைத்த குற்றச்சாட்டு

பெரியவரின் முதல் புகார் நிர்வாகத்தைப் பற்றியது. அதற்கு அவர் ஆண்டுக் கணக்கோடு ஆதாரம் வைத்திருந்தார்.

1998இல் யுனைடெட் புரூவரீஸ் குழுமம் சங்கத்துடன் கைகோத்தது. அணியின் பெயர் கிங்ஃபிஷர் ஈஸ்ட் பெங்கால் ஆயிற்று. அதே குழுமம் மோகன் பகானுக்கும் ஆதரவளித்ததால், அங்கே மெக்டவல் மோகன் பகான். "பரம்பரை எதிரிகள் இருவருக்கும் ஒரே வீட்டிலிருந்து சோறு வந்தது. எங்களை நாங்களே திட்டிக்கொண்டது போல் இருந்தது" என்று சிரிப்பார். 2018இல் குவெஸ் நிறுவனம் 70 விழுக்காட்டுப் பங்குடன் வந்து, 2020இல் விலகியது. அவ்வாண்டு செப்டம்பரில், மாநில முதலமைச்சர் முன்னிலையில், ஸ்ரீ சிமெண்ட் நிறுவனம் முதலீட்டாளராக அறிவிக்கப்பட்டது. இம்முறை விகிதம் 76க்கு 24.

முதற்கட்ட உடன்பாட்டில் கையொப்பமிட்ட சங்க நிர்வாகிகள், இறுதி ஒப்பந்தத்தின் விதிகளை ஏற்க மறுத்தார்கள். ஒப்பந்தத்தில் கண்டபடியே நடக்க வேண்டும் என்றது முதலீட்டாளர் தரப்பு. உறுப்பினர்களின் உரிமை பறிபோகும் என்றது சங்கத் தரப்பு. மாதங்கள் கடந்தன. அடுத்த பருவத்தில் அணி ஆடுமா என்பதே ஐயமாயிற்று. 2021 ஜூலை 21ஆம் நாள் மைதானத்திலுள்ள சங்கக் கூடாரத்தின் முன் ரசிகர்கள் திரண்டார்கள். காவல்துறை தடியடி நடத்திக் கலைத்தது. ஆகஸ்டு இறுதியில் முதலமைச்சர் தலையிட்ட பிறகே அணி ஆடுவது உறுதியானது. அந்த அவசரத்தில் திரட்டப்பட்ட அணி, அப்பருவத்தின் 20 ஆட்டங்களில் ஒன்றில் மட்டும் வென்று, 11 அணிகளில் கடைசியாக வந்தது.

"70 போய் 76 வந்ததற்கு ஏன் இவ்வளவு சண்டை? இரண்டிலும் அவர்களிடம்தானே பெரும்பான்மை?" என்று ஒருநாள் கேட்டார். இங்கே என் படிப்பு கைகொடுத்தது. நிறுவனங்கள் சட்டம், 2013இன்படி சில முக்கிய முடிவுகளுக்குச் சிறப்புத் தீர்மானம் தேவை. அது நிறைவேற, ஆதரவு வாக்குகள் எதிர்ப்பு வாக்குகளைப் போல் மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது. பங்கு விகிதப்படியே வாக்குரிமையும் அமைவதாகக் கொள்வோம். 30 விழுக்காடு எதிர்த்தால், நிறைவேற்ற 90 வேண்டும், 70 போதாது. எனவே சிறுபான்மையினர் தடுத்து நிறுத்தலாம். 24 விழுக்காடு எதிர்த்தால் 72 போதும்; 76 அதைத் தாண்டிவிடுகிறது. ஆறு விழுக்காடு என்று நாம் எளிதாகச் சொல்வது, தடுக்கும் உரிமை உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் ஆறு விழுக்காடு.

பெரியவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இதை எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லையே" என்றார். அவர் வருத்தம் எந்த நிறுவனத்தின் மீதும் இல்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பணம் போடுபவர் அதிகாரம் கேட்பார் என்பதை அவர் ஒப்புக்கொண்டார். குவெஸ் காலத்தில்தான் 2018-19 ஐ-லீகில் அணி ஒரே ஒரு புள்ளியில் பட்டத்தைத் தவறவிட்டது என்பதையும் அவரே எடுத்துச் சொன்னார். அந்தப் பட்டத்தைப் பெற்றது கோயம்புத்தூரைக் களமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி அணி. அதற்காக என்னைப் பார்த்து ஒரு பொய்க்கோபமும் காட்டினார். "இரண்டு பெரியவர்கள் சண்டையிடுகிறார்கள். வீடு யாருடையது என்று பிள்ளைகளை ஒருமுறையாவது கேட்டிருக்கலாம்" என்பதே அவர் வாதம்.

எதிரியிடம் கற்ற பாடம்

2022இல் எமாமி குழுமம் முதலீட்டாளராக வந்தது. ஆனால் பெரியவரின் நம்பிக்கையை மீட்ட நிகழ்ச்சி எதிர்முகாமில் நடந்தது. 2020இல் மோகன் பகானின் கால்பந்துப் பிரிவு ஏடிகே அணியுடன் இணைக்கப்பட்டு, ஏடிகே மோகன் பகான் என்று பெயர் பெற்றது. அந்த முன்னொட்டை நீக்குமாறு ரசிகர்கள் மூன்று பருவங்கள் விடாமல் குரல் கொடுத்தார்கள். 2023 மார்ச் 18ஆம் நாள் கோவாவில் அணி சூப்பர் லீக் கோப்பையை வென்ற இரவிலேயே, உரிமையாளர் சஞ்சீவ் கோயங்கா பெயர் மாற்றத்தை அறிவித்தார்; அணி மோகன் பகான் சூப்பர் ஜயன்ட் ஆயிற்று.

"அவர்களைப் புகழ்ந்து என் வாயால் ஒரு சொல் வந்தது இதுவே முதல்முறை. வீட்டில் சொல்லிவிடாதீர்கள்" என்றார் பெரியவர்.

ரசிகர்களே சங்கத்தை நடத்தினால் என்ன என்ற கேள்வியும் எங்கள் பேச்சில் வந்தது. ஜெர்மனியில் 1998 முதல், தொழில்முறை அணியின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர் சங்கத்திடமே இருக்க வேண்டும் என்ற விதி, சில விலக்குகளுடன், நடைமுறையில் உள்ளது. ஸ்பெயினின் பார்சிலோனா உறுப்பினர்களுக்கே உரியது. தலைவரை அவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அதே பார்சிலோனாவின் கடன் 2021இல் 135 கோடி யூரோ என்று அதன் தலைவரே அறிவிக்க நேர்ந்தது. லயனல் மெஸ்ஸி அச்சங்கத்தை விட்டுப் போனதும் அந்த மாதத்தில்தான். உறுப்பினர்களுக்கு உரியது என்பதனாலேயே கணக்கு சரியாக இருந்துவிடாது என்று நான் சொன்னேன். "சரியாக இல்லையென்றால் எங்களுக்குத் தெரிந்திருக்குமல்லவா? அதுதான் நான் கேட்பது" என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

வீரர்களும் வாடகை வீடும்

வீரர்களைப் பற்றிய அவர் பார்வை கனிவானது. 1949 முதல் 1953 வரை ஒன்றாக ஆடிய ஐவர் கூட்டணியைக் கொல்கத்தா 'பஞ்ச பாண்டவர்' என்று கொண்டாடியது: வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐவரும் தென்னாட்டிலிருந்து வந்தவர்கள். "எங்கள் அப்பா தன் பெயரை மறந்தாலும் அந்த ஐந்து பெயர்களை வரிசை மாறாமல் சொல்வார்" என்பார் பெரியவர். வெளியாட்கள் கூடாது என்ற எண்ணம் அவரிடம் என்றுமே இருந்ததில்லை. 1980இல் ஈரானிலிருந்து வந்து ஆடிய மஜீத் பிஷ்கர், சங்கத்தின் நூற்றாண்டுக் கொண்டாட்டத்துக்காக 2019இல் கொல்கத்தா வந்தபோது, தாமும் ஓர் இளைஞரைப் போல ஓடிப்போய்க் கூட்டத்தில் நின்றதாகச் சொன்னார். மஜீதுடன் வந்த ஜம்ஷித் நசீரி கொல்கத்தாவிலேயே தங்கிவிட்டவர். அவருடைய மகன் கியான், 2022 ஜனவரியில் மோகன் பகானுக்காக ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராகவே மூன்று கோல்கள் அடித்தார். "எங்கள் வீட்டில் வளர்ந்த கன்று எங்களையே முட்டியது" என்றார். குரலில் வலியைவிடப் பெருமை சற்று மிகுந்திருந்தது.

அவருடைய குறை, வீரர்கள் வந்து போகும் வேகத்தைப் பற்றியது. 2020 முதல் 2024 வரையிலான நான்கு பருவங்களில் ராபி ஃபௌலர், மனோலோ டியாஸ், மாரியோ ரிவேரா, ஸ்டீபன் கான்ஸ்டன்டைன், கார்லஸ் குவாத்ராத் என ஐந்து தலைமைப் பயிற்சியாளர்கள். லீகில் பெற்ற இடங்கள் 9, 11, 9, 9. "ஓராண்டு ஒப்பந்தத்தில் வருபவர் வாடகை வீட்டுக்காரர். சுவரில் ஆணி அடிக்கக்கூடத் தயங்குவார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? பதினான்கு வயதுப் பையன்களைத் தேடிப் பிடித்து வளர்க்காத வீட்டுக்காரரைக் கேளுங்கள்" என்பது அவர் கருத்து. பத்தாண்டுப் பயன் தரும் முதலீட்டை இவ்வாண்டுச் செலவாகப் பார்க்கும் பழக்கம் கால்பந்துச் சங்கங்களுக்கு மட்டும் உரியதன்று என்று எனக்குத் தோன்றியது.

2023 ஆகஸ்ட் 12ஆம் நாள் இரவு என் கைப்பேசி ஒலித்தது. டூரண்ட் கோப்பையில், சால்ட் லேக் அரங்கில், ஈஸ்ட் பெங்கால் 1-0 என்று மோகன் பகானை வென்றிருந்தது. 2019 ஜனவரிக்குப் பிறகு, நான்கரை ஆண்டுகள் கழித்துக் கிடைத்த வெற்றி. 60ஆவது நிமிடத்தில் கோல் அடித்தவர் சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகர். "உங்கள் ஊர்ப் பையன்! உங்கள் ஊர்ப் பையன்!" என்பதற்கு மேல் பெரியவரால் பேச முடியவில்லை. மறு வாரம் அவர் கிளைக்குச் சந்தேஷ் இனிப்புடன் வந்து, வரிசையில் நின்ற அனைவருக்கும், கட்சி வேறுபாடின்றி, வழங்கினார். மோகன் பகான் கட்சியினர் இரண்டிரண்டாக எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த ஜனவரியில் புவனேஸ்வரத்தில் நடந்த சூப்பர் கோப்பை இறுதியாட்டத்திலும் நந்தகுமார்தான் சமன் கோலை அடித்தார். கூடுதல் நேரத்தில் கிளைட்டன் சில்வா அடித்த கோலால் ஈஸ்ட் பெங்கால் 3-2 என்று ஒடிசா அணியை வென்றது. 2012க்குப் பிறகு கிடைத்த முதல் தேசியக் கோப்பை அது.

கோல் எண்ணுபவர்களும் கணக்கு எண்ணுபவர்களும்

ஊடகங்களின் மீது அவருக்குக் கோபமும் உண்டு, காதலும் உண்டு. அஜய் பாசுவின் வானொலி வர்ணனையைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அவருடையது. பந்து எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு அறிய முடிந்த காலம் என்பார்.

1997 ஜூலை 13ஆம் நாள் நடந்த ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியை ஊடகத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னார். ஆட்டத்துக்கு முந்தைய நாட்களில் மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா, எதிரணி வீரர்களைக் கேலிப் பெயர்களால் அழைத்தார். பைசுங் பூட்டியா 'சுங் சுங்' ஆனார். ஒமோலோ 'ஆம்லெட்' ஆனார். நாளேடுகள் அவற்றை நாள்தோறும் வெளியிட்டு ஊரையே சூடேற்றின. சால்ட் லேக் அரங்கில் அன்று கூடியவர்கள் 1,31,781 பேர். ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது. மூன்று கோல்கள் பூட்டியாவுடையவை. "கேலிக்கு எங்கள் பையன் வாயால் பதில் சொல்லவில்லை. ஆனால் தோற்றிருந்தால், அந்தக் கேலி அவன் ஆயுள் முழுவதும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை அச்சிட்டவர்களுக்கு அந்தக் கவலை இருந்ததா?" என்று கேட்டார்.

இன்றைய ஊடகம் பற்றி அவர் சொன்னது இன்னும் கூர்மையானது. யார் வருகிறார், யார் போகிறார் என்ற ஊகச் செய்தி நாளுக்குப் பத்து. சங்கத்தின் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது என்ன என்ற செய்தி ஆண்டுக்கு ஒன்று. இரு பெரும் அணிகள் மோதும் நாளில் பக்கம் பக்கமாக எழுதுபவர்கள், மற்ற ஆட்டங்களை ஒரு மூலையில் முடித்துவிடுகிறார்கள். "கோலை எண்ணத் தெரிந்தவர்களுக்குக் கணக்கை எண்ணத் தெரியாதா என்ன? நாங்கள் அதைக் கேட்பதில்லை, அவர்கள் எழுதுவதில்லை" என்றார்.

அந்த 'நாங்கள்' என்ற சொல் எனக்குப் பிடித்திருந்தது. குற்றக் கூண்டில் தம்மையும் ஏற்றிக்கொள்ளும் நேர்மை அவரிடம் இருந்தது. 1980 ஆகஸ்ட் 16ஆம் நாள், ஈடன் கார்டன்ஸ் அரங்கில் இந்த இரு அணிகளும் ஆடியபோது பார்வையாளர்களிடையே கலவரம் மூண்டு, நெரிசலில் 16 ரசிகர்கள் உயிரிழந்தார்கள். பெரியவர் அன்று அந்த அரங்கில் இருந்தார். காலில் செருப்பில்லாமல் நள்ளிரவில் வீடு திரும்பியதாகச் சொன்னார். "நிர்வாகம், வீரர், பத்திரிகை என்று மூன்று பேரைத் திட்டுகிறேன். நான்காவதாக ஒருவன் இருக்கிறான். அன்று அவன் செய்த தவறுக்கு 16 வீடுகள் விலை கொடுத்தன." ஆகஸ்ட் 16 கொல்கத்தாவில் கால்பந்து ரசிகர்கள் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது, இரத்ததான முகாமும் நடக்கிறது. 65 வயது முடியும் வரை அவர் ஆண்டுதோறும் இரத்தம் கொடுத்தார். வயது வரம்பைத் தாண்டியபின், கொடுத்துவிட்டு எழுபவர்களுக்குத் தேநீரும் பிஸ்கட்டும் எடுத்துக் கொடுக்கப் போகிறார்.

பெட்டகத்தில் ஓர் அட்டை

2024இல் எனக்குச் சென்னைக்கு மாறுதல் வந்தது. விடைபெறும் வாரத்தில் பெரியவர் தம் பாதுகாப்புப் பெட்டகத்துக்கு நியமனதாரரைப் பதிவுசெய்ய வந்தார். நான் பலமுறை நினைவூட்டியும் தள்ளிப்போட்டுவந்த வேலை அது. பெட்டக அறையிலிருந்து வெளியே வந்தவர், ஒரு சிறிய உறையை என் மேசை மீது வைத்தார். உள்ளே, மடிப்பில் கிழிந்து, பின்புறம் துணி ஒட்டப்பட்ட ஓர் அட்டை. தந்தையின் சங்க உறுப்பினர் அட்டை. மனைவியின் வளையல்களுக்கும் வீட்டுப் பத்திரத்துக்கும் நடுவே அது இத்தனை ஆண்டுகள் இருந்திருக்கிறது.

"இதற்கு என்ன மதிப்புப் போடுவீர்கள்?" என்று கேட்டார்.

வணிகவியல் பாடத்தில் 'நற்பெயர்' என்ற ஒரு புலனாகாச் சொத்து உண்டு. ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கும்போது, நிகரச் சொத்தின் மதிப்புக்கு மேல் கொடுக்கும் தொகை அந்தத் தலைப்பில் எழுதப்படும். ஈஸ்ட் பெங்காலைத் தேடி அடுத்தடுத்து நிறுவனங்கள் வந்ததற்குக் காரணம் கூடாரமோ கோப்பைகளோ அல்ல. இந்த அட்டையைப் பெட்டகத்தில் வைத்திருப்பவர்கள்தாம். ஆனால் அந்த நற்பெயரை ஈட்டித் தந்தவர்களின் பெயர் எந்தப் பங்குப் பதிவேட்டிலும் இல்லை. இதைச் சொன்னபோது பெரியவர் தலையசைத்தார். "பங்கு வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை, எங்களுக்குப் புரியும் மொழியில் கணக்குச் சொன்னால் போதும்" என்றார்.

நம்மில் பலர் கடன் ஒப்பந்தத்திலும் காப்பீட்டுப் படிவத்திலும் படிக்காமலே கையொப்பமிடுகிறோம். எங்கள் மேசைக்கு எதிரில் நாள்தோறும் காணும் காட்சி இது. கையொப்பமிடும் முன் கேட்க வேண்டிய கேள்வியைப் பின்னர் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு, நூறாண்டுப் பெருமையுள்ள ஒரு சங்கமே சான்றாக நிற்கிறது.

நியமனதாரராகத் தம் பேத்தியின் பெயரை எழுதினார். "அட்டைக்கும் இது செல்லுமா?" என்றார். பெட்டகத்தில் உள்ளதைப் பெற்றுக்கொள்ள நியமனம் உதவும். உறுப்பினர் உரிமை என்பது சங்கத்தின் விதிப்படிதான் என்று விளக்கினேன். "அட்டை கைக்கு வந்தால் போதும். மீதியை அவள் சண்டை போட்டு வாங்கிக்கொள்வாள்" என்றார்.

2025 ஏப்ரலில் சென்னையில் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. ஈஸ்ட் பெங்கால் பெண்கள் அணி, இந்தியப் பெண்கள் லீக் பட்டத்தை வென்றிருந்தது. "ஆண்கள் இருபது ஆண்டுகளாகக் கொண்டுவராத லீக் பட்டத்தைப் பெண்கள் கொண்டுவந்துவிட்டார்கள். பேத்தி சிவப்பும் மஞ்சளுமாகச் சட்டை கேட்கிறாள்" என்றார். வாங்கிக் கொடுத்தீர்களா என்று கேட்டேன்.

"அவளிடம் கணக்குக் கேட்டிருக்கிறேன். சென்ற மாதம் கொடுத்த பணத்துக்குச் செலவு விவரம் எழுதித் தரட்டும், பிறகு வாங்கலாம்" என்று சொல்லிச் சிரித்தார்.